ரெண்டு பேரும் சிரிக்கிற மாதிரி ஒரு தொடர்

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில். பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகத் தொடங்கிய தென்னமரம் எஸ்டேட் எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. நான் பாலர் பள்ளி ஆசிரியை. படம் பார்க்கக் கொட்டகைக்குப் போவதென்றால் கார் எடுத்து ரவாங் பக்கம் போக வேண்டும். அதனால் இரவுச் சாப்பாடு முடிந்து, பிள்ளை தூங்கி, மாமியார் சீரியல் பார்த்து முடித்த பிறகு ஹாலில் கிடைக்கிற அரை மணி நேரம்தான் எங்களுக்குச் சினிமா, கடற்கரை, எல்லாம்.

அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு புதிய நகைச்சுவைத் தொடர் தேடிய அனுபவத்தைத்தான் எழுதுகிறேன். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் ஒன்றாக உட்கார்ந்தும் ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பதிகளை எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) நிறையப் பார்க்கிறேன். ஒரே காட்சிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து சிரிப்பது வீட்டுக்கு எவ்வளவு நல்லது என்று எங்களுக்குத் தெரிந்ததால்தான் இவ்வளவு மெனக்கெட்டோம்.

முதலில் நேரக் கணக்கு. செம்பனைக் குலையை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அவித்துவிட வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை போகும். அதனால் மகசூல் அதிகமாகும் மாதங்களில் ஆலை ராத்திரி பகலாக ஓடும், வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும் நேரம் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு மணி நேரத் தொடரைத் தொட்டால் பாதியில் தூங்கிப்போவார். மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே ஆசை போய்விடும். எனவே ஒரு பாகம் 20, 25 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டோம். அமெரிக்க, கனடியத் தொலைக்காட்சித் தொடர்களில் விளம்பரம் நீக்கினால் பெரும்பாலும் 22 நிமிடம்தான் வரும். தமிழில் வாராவாரம் வரும் ‘குக் வித் கோமாளி’ போன்றவை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். அது ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டே பார்க்க அருமை. ஷிப்ட் முடிந்து வந்தவருக்கு ஆகாது.

அடுத்தது சத்தம். இதை நான் யோசித்தே பார்த்ததில்லை, அவர் சொல்லித்தான் புரிந்தது. பாய்லர் பக்கம் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவருக்கு, பின்னணியில் கூட்டம் கூட்டமாகச் சிரிக்கும் ஒலி தலைவலியைக் கொடுக்கும். பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்களில் அந்தச் சிரிப்பொலி சகஜம். மேடைபோல் அமைத்த வீட்டில், எதிரே பார்வையாளர்களை உட்காரவைத்துப் பல கேமராக்களில் எடுப்பார்கள். சில தொடர்களுக்குப் பதிவு செய்த சிரிப்பைப் பிறகு சேர்ப்பார்கள். இதற்கென்றே 1950களில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் ஓர் இயந்திரம் செய்தார். சினிமா மாதிரி ஒரே கேமராவை வைத்து எடுக்கும் தொடர்களில் பெரும்பாலும் இந்தச் சிரிப்பொலி இருக்காது. இது தெரிந்ததும் தேடல் பாதியாகக் குறைந்தது. முன்னோட்டத்தில் ரெண்டு நிமிடம் கேட்டாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். உங்கள் வீட்டிலும் ஒருவர் “என்னமோ பிடிக்கல” என்று மட்டும் சொல்லி எழுந்து போகிறார் என்றால் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

மொழி இன்னொரு பெரிய விஷயம். நான் கிள்ளானில் வளர்ந்தவள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ‘புவா சூ காங்’ ஓடும். மஞ்சள் ரப்பர் காலணி போட்ட சிங்கப்பூர்க் குத்தகைக்காரராக குர்மிட் சிங் நடித்தது. ஆங்கிலத்தில் சிரிப்பது எனக்குப் பழக்கம். வீட்டுக்காரர் தோட்டத்துப் பிள்ளை. தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய் இடைநிலைப்பள்ளி. மலேசியாவின் டிவி3இல் 1985இல் தொடங்கி வருடக்கணக்கில் ஓடிய ‘பி மாய் பி மாய் தாங் து’ என்ற மலாய்த் தொடர்தான் அவருக்குப் பால்ய காலத்துச் சிரிப்பு. அடுக்குமாடி வீட்டில் எல்லா இனத்துக்காரர்களும் சேர்ந்து வாழ்கிற தொடர் அது. அவருக்கு மலாயில் ஒரு நகைச்சுவை வந்தால் என்னைவிட முன்னால் சிரித்துவிடுவார். அதனால் ஆங்கிலத் தொடர் போடும்போது அடியில் மலாய் எழுத்து ஓட விடுகிறோம். நெட்ஃபிளிக்ஸில் பல தொடர்களுக்கு மலாய் வசன வரி இருக்கிறது. ஆங்கில வரியைப் படித்து முடிப்பதற்குள் நகைச்சுவை கடந்துபோகும். மலாய் வரியை ஒரு பார்வையில் பிடித்துவிடுகிறார். நடுவில் நிறுத்தி நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. விளக்கிச் சொல்லி யாரையும் சிரிக்கவைக்க முடியாது. இந்த ஓர் ஏற்பாடு எங்களுக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்டது. மலேசியாவில் இருக்கும் தமிழ்த் தம்பதிகள் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம்.

ஒரு தொடர் நல்ல தொடரா என்று பார்ப்பதைவிட, அதில் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று பார்ப்பது தம்பதிகளுக்கு அவசியம். தமிழில் நாம் பார்த்து வளர்ந்த நகைச்சுவையில் பாதி, ஒருவரின் நிறத்தையோ உடம்பையோ வைத்து வந்தது. கறுப்பாக இருக்கும் பெண் மணப்பெண்ணாக வந்து நின்றால் கதாநாயகன் அலறி ஓடுவான், கூட்டம் சிரிக்கும். நான் கறுப்பு. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பேசியதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மாதிரிக் காட்சி வந்தால் என் முகம் தானாக மாறிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர், சின்ன வயதிலிருந்து அதற்குச் சிரித்துப் பழகியவர், இயல்பாகச் சிரிப்பார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் ஒரே சோபாவில் ரெண்டு பேரும் வேறு வேறு இடத்தில் இருப்போம். ஒரு நாள் இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் அப்படி யோசிச்சதே இல்லம்மா” என்றார். அதற்கப்புறம் அந்த மாதிரிக் காட்சி வந்தால் அவரே ரிமோட்டை எடுத்துவிடுகிறார்.

இது எனக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு இரவு, உள்ளூர்க் காணொளி ஒன்று போட்டோம். தோட்டத்துக்காரர் ஒருவர் வருவார். சட்டைப் பொத்தான் பாதி திறந்திருக்கும், கையில் சம்சு (மலிவுச் சாராயம்) போத்தல், தட்டுத் தடுமாறி மலாய் பேசுவார், ஊருக்குள் வந்து எல்லாரிடமும் ஏமாறுவார். வீட்டுக்காரர் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடித்த மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் பிடித்தார். குடிக்கவில்லை, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். திரும்பி வந்து, “வேற ஏதாவது போடு” என்றார். மறுநாள் காலையில் பசியாறும்போதுதான் காரணம் வந்தது. “எங்கப்பா ஒரு நாள்கூடக் குடிச்சதில்ல. விடியக்காலைல ரப்பர் பால் வெட்டப் போயிட்டு வந்து, மத்தியானம் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாரு. எஸ்டேட்னாலே இவங்களுக்குச் சம்சுதானா?”

நகரத்தில் வளர்ந்த எனக்கு அது வெறும் வேடிக்கைக் காட்சி. அவருக்கு அது அப்பா. தோட்டத்தில் குடி இல்லையென்று சொல்லவில்லை, எத்தனையோ குடும்பங்களைச் சம்சு அழித்திருக்கிறது. அதனால்தான் அதை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும் என்று நினைக்கிறேன். ரெண்டு மூன்று தலைமுறை முதுகொடித்து உழைத்தவர்களை ஒரு போத்தலோடு மட்டும் காட்டி முடித்துவிடுவது அநியாயம்.

அன்றிலிருந்து, தொடர் தேடும்போது எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. பிறப்பு, நிறம், உடம்பு, தொழில் இவற்றை வைத்துச் சிரிக்கச் சொன்னால் விலக்கு. ஆளின் வீறாப்பு, பிடிவாதம், சின்னச் சின்னப் பேராசை, பொய், இவற்றை வைத்துச் சிரிக்கச் சொன்னால் உட்கார்ந்து பார்க்கலாம். ஏனென்றால் அதெல்லாம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. “இது நீங்கதான்” என்று ஒருவரை ஒருவர் தாராளமாக இடித்துக்காட்டலாம், யாருக்கும் வலிக்காது.

இந்தக் கணக்கில் எங்களுக்கு முதலில் கைகொடுத்தது ‘தலைவெட்டியான் பாளையம்’. 2024இல் பிரைம் வீடியோவில் வந்தது, எட்டு பாகம். இந்தியில் 2020இல் வந்து பெயர் வாங்கிய ‘பஞ்சாயத்’ தொடரின் தமிழ் வடிவம். சென்னையில் பொறியியல் படித்த பையன், வேறு வேலை கிடைக்காமல் ஒரு கிராமத்துக்கு ஊராட்சிச் செயலாளராக வருகிறான். அங்கே தேர்தலில் ஜெயித்துத் தலைவியானவர் ஒரு பெண், ஆனால் அதிகாரம் செய்வதெல்லாம் அவர் புருஷன். அந்த ஜோடியாக நடித்திருக்கும் சேத்தனும் தேவதர்ஷினியும் நிஜத்திலும் கணவன் மனைவி. மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் பண்ணும் அமர்க்களத்தைப் பார்த்து நான் சிரிக்க, வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் தங்கள் ஆலையில் ஒரு மேற்பார்வையாளரை நினைத்துச் சிரித்தார், நான் எங்கள் வீட்டை நினைத்துச் சிரித்தேன். வேகமாக நகைச்சுவை வந்து விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். மெதுவாகப் போகும், அரை மணி நேரத்தையும் சில இடங்களில் தாண்டும். ஆனால் தோட்டத்து ஆபீஸ், கிராணி (எழுத்தர்), மண்டோர் (கங்காணி) என்று பழகிய நம் ஆட்களுக்கு அந்த ஊராட்சி அலுவலகம் அந்நியமாகவே இருக்காது.

அதை இயக்கிய நாகாதான் ‘ரமணி வெர்சஸ் ரமணி’ தொடரையும் இயக்கினார் என்பது தெரிந்ததும் அதைத் தேடிப் பிடித்தோம். 1990களின் கடைசியில் கே.பாலசந்தரின் நிறுவனத் தயாரிப்பில் வந்தது. புருஷன் பெயரும் ரமணி, பெண்டாட்டி பெயரும் ரமணி. யூடியூபில் கிடைக்கிறது. படத்தின் தரம் பழசு, வசனம் பழசாகவில்லை. வீட்டுச் சண்டையில் ஒரு நாள் அவள் ஜெயிப்பாள், ஒரு நாள் அவன் ஜெயிப்பான். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கனடாவில் எடுத்த ‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’ எங்களுக்கு எதிர்பாராத வரம். டொரொன்டோவில் மளிகைக் கடை நடத்தும் கொரியக் குடும்பம். முதலில் 2011இல் இன்ஸ் சோய் எழுதிய மேடை நாடகமாக வந்து, பிறகு 2016இலிருந்து 2021 வரை ஐந்து பருவங்கள் தொலைக்காட்சியில் ஓடியது. நாங்கள் நெட்ஃபிளிக்ஸில் பார்த்தோம், மலாய் வரியோடு. முதல் பாகத்தில் கடைக்கார அப்பா ஒரு தள்ளுபடி அறிவித்து மாட்டிக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஒத்துவருமா என்று வீட்டுக்காரர் தயங்கினார். எந்தத் தொடருக்கும் முதல் பாகம் ஆட்களை அறிமுகப்படுத்தவே சரியாக இருக்கும், நடிகர்களுக்கே பாத்திரம் பிடிபட்டிருக்காது. இன்னும் ரெண்டு பார்க்கலாம் என்றேன். பார்த்தோம், அப்புறம் விடவே இல்லை.

அதில் கடைக்காரருக்கு ஜப்பான் என்றாலே ஆகாது. தப்பான இடத்தில் நிறுத்தியிருக்கும் ஜப்பான் காரைப் பார்த்தால் உடனே போலீசுக்குச் சொல்லத் துடிப்பார். 1910இலிருந்து 1945 வரை கொரியாவை ஜப்பான் பிடித்துவைத்திருந்த கோபம் அது. அவரின் பிடிவாதத்துக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். சிரிப்பு அடங்கும்போது வீட்டுக்காரர் சொன்னார், “எங்க பாட்டியோட அண்ணன ஜப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனான். திரும்பி வரவே இல்ல.” மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படிக் கூட்டிப்போகப்பட்டு இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) போட்ட மரண ரயில்பாதையில் செத்துப்போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தது எனக்குத் தெரியாது. அன்றைக்கு அடுத்த பாகம் போடவில்லை. மாமியார் எழுந்து வந்து, அந்தத் தாத்தாவின் பெயர், அவர் எந்த எஸ்டேட், எல்லாம் சொன்னார். நல்ல நகைச்சுவைக்கு அடியில் இப்படி ஒரு கனம் இருக்கும். அது இருக்கிற தொடர்தான் வருடக்கணக்கில் மனதில் நிற்கிறது.

எல்லாத் தொடரும் ரெண்டு பேருக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ எனக்கு ரொம்பப் பிடித்தது. கலிபோர்னியாவில் தமிழ்க் குடும்பத்துப் பெண், அப்பாவை இழந்தவள், அம்மா தோல் மருத்துவர். நாயகியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண். 2020இலிருந்து 2023 வரை நான்கு பருவங்கள், 40 பாகம். அம்மாவும் மகளும் வரும் காட்சிகளில் சிரித்துக்கொண்டே அழுதிருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடக் காதல் அவருக்கு அலுப்புத் தட்டியது. சரி, அது என்னுடையது என்று எடுத்து வைத்துக்கொண்டேன், அவர் ராத்திரி ஷிப்ட் போகும் நாட்களில் பார்த்தேன். பிள்ளைகள் இருக்கும்போது போடாதீர்கள், பெரியவர்களுக்கான பேச்சு நிறைய. இந்த மாதிரி ஒருவருக்கு மட்டும் பிடித்ததை மற்றவர் மேல் திணிக்காமல் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் சேர்ந்து பார்க்கத் தொடங்கியதை ஒருவர் மட்டும் முன்னால் ஓடிப் பார்ப்பது எங்கள் வீட்டில் கிடையாது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ரொம்பக் களைத்து வரும் நாட்களுக்கென்று தனியாகச் சில வைத்திருக்கிறோம். யூடியூபில் நக்கலைட்ஸ், பரிதாபங்கள் குழுவினரின் குடும்பக் காணொளிகள் சுருக்கமாக இருக்கும், ஒன்று பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். ‘மிஸ்டர் பீன்’ மொத்தமே 15 பாகம்தான், பேச்சு அதிகம் இல்லாததால் பிள்ளையும் மாமியாரும் சேர்ந்துகொள்வார்கள். மாமியாரின் சொந்த விருப்பம் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’. மாமியார் மருமகள் சண்டைத் தொடர். அதைப் பார்க்க என்னையும் கூப்பிட்டு உட்காரவைப்பார். பட்டாபியாக எம்.எஸ்.பாஸ்கர் வந்து நின்றாலே எங்கள் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

பேரைச் சொல்லித் தேடுவதைவிட ஆளை வைத்துத் தேடுவது பலன் தருகிறது என்பது இன்னொரு அனுபவம். ஒரு தொடர் பிடித்தால் அதன் இயக்குநர் யார், எழுதியவர் யார், துணை நடிகர் வேறு எதில் நடித்தார் என்று பாருங்கள். ‘தலைவெட்டியான் பாளைய’த்தின் நாயகன் அபிஷேக் குமாரைப் பிடித்துத்தான் ‘எல்ஓஎல் எங்க சிரி பாப்போம்’ நிகழ்ச்சிக்குப் போனோம். நகைச்சுவைக் கலைஞர்களை ஓர் அறையில் அடைத்துவைத்து, யார் சிரிக்காமல் கடைசிவரை இருக்கிறார்கள் என்று பார்க்கும் போட்டி. 2021 ஆகஸ்டில் வந்தது. நடத்துனர்களில் ஒருவரான விவேக் அதே வருடம் ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். அவர் திரையில் வந்ததும் கொஞ்ச நேரம் எங்களால் சிரிக்க முடியவில்லை. அப்புறம் அவரே சிரிக்க வைத்துவிட்டார்.

எங்கள் ஊரில் சாயங்கால மழை பிடித்தால் டிஷ் வழியாக வரும் படம் அப்படியே உறைந்துவிடும். மழைத்துளி அந்த அலைவரிசையைத் தின்றுவிடுகிறது, யாரைக் குறை சொல்லியும் பயனில்லை. அதனால் சனிக்கிழமை பகலில் அடுத்த வாரத்துக்கான பாகங்களைக் கைக்கணினியில் இறக்கி வைத்துவிடுகிறேன். தானாக அடுத்த பாகம் ஓடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஒரு பாகம் முடிந்ததும் திரை அமைதியாக நின்றால்தான் பேச்சு வரும். எங்களுக்கு அந்தப் பத்து நிமிடப் பேச்சு, பார்த்த தொடரைவிட முக்கியமாகிவிட்டது.

ஆலையில் குலை வரத்து ஏறத் தொடங்கிவிட்டது, ஷிப்ட் மாறப்போகிறது. அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது அவர் முறை. மலாயில் பழைய ‘பி மாய் பி மாய் தாங் து’ பாகங்களை எனக்குக் காட்ட வேண்டும் என்கிறார். வடக்கு வட்டார மலாய்ப் பேச்சு எனக்கு முழுதாகப் புரியாது, தமிழ் வசன வரியும் கிடையாது. இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரப் போவது அவர்.